படத்தில் கோட்டை எங்கே, டீச்சர்?

போன வாரம் ராஜஸ்தான் பயணத்தில் எடுத்த நாற்பது படங்களை இங்கே போட்டிருந்தேன். பார்த்தவர்களுக்கும் கருத்துச் சொன்னவர்களுக்கும் நன்றி. பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள். "கோட்டை எங்கே? ஒட்டகம் எங்கே? நீங்களும் சாரும் எங்கே?" பழைய மாணவி ஒருத்தி, "ஜெய்சால்மர் வரைக்கும் போய், படிக்கட்டையும் சுவரையும் எடுத்துட்டு வந்திருக்கீங்களே டீச்சர்" என்று கேட்டிருந்தாள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் பேசிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எளிய காரணம். என்னிடம் இருப்பது மகன் வாங்கிக்கொடுத்த செல்போன். அதில் கோட்டையை முழுசாக எடுத்தால் ஏதோ மண்மேடு மாதிரி விழுகிறது. கோட்டையை அழகாகக் காட்டும் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. என் பங்குக்கு இன்னொன்று எதற்கு? கிட்டே போனால் அதே செல்போன் நன்றாக வேலை செய்கிறது. இது எனக்குப் பழகிய வழியும்கூட. புவியியல் வகுப்பில் மலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் ஏறாதது, ஆற்றில் உருண்டு வந்த ஒரு கூழாங்கல்லைப் பிள்ளைகள் கையில் கொடுத்ததும் ஏறிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது இந்தப் பயணத்தின் முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டது. கிட்டே போய் ஒன்றை எடுக்கும்போது, அதைச் சுற்றியிருக்கிற பத்தை வெட்டிவிடுகிறோம். எதை வெட்டுகிறோம் என்று யோசிக்காமல் எடுத்தால், படம் அமைதியாக இருக்கும், அழகாகவும் இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது. இதை எனக்குக் காட்டியது ஜோத்பூர்.

ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டை, 1459இல் ராவ் ஜோதா தொடங்கியது. பாறையோடு பாறையாக எழும்பி நிற்கும். வளைந்து வளைந்து ஏறி, வாசல் வாசலாகக் கடந்து போனால், உள்ளே நுழையும் கடைசி வாசலுக்கு லோஹா போல் என்று பெயர். இரும்பு வாசல். அதன் பக்கச் சுவரில், கல்லில் செதுக்கிய சின்னச் சின்னக் கைகள் வரிசையாக இருக்கின்றன. குங்குமச் செந்தூரம் பூசி, வெள்ளித் தாள் ஒட்டி, மாலை போட்டிருக்கிறார்கள். படத்துக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். சிவப்பு, வெள்ளி, வெயில் படிந்த கல்.

அவை அரண்மனைப் பெண்களின் கைகள். 1843இல் மகாராஜா மான்சிங் இறந்தபோது அவர் சிதையில் எரிந்துபோன மனைவியர், கோட்டையை விட்டு இறங்கும்போது விட்டுப்போன கைத்தடத்தின் நினைவாக வைத்தவை என்கிறார்கள். வங்காளத்தில் உடன்கட்டைக்கு 1829இலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. சமஸ்தானங்களில் அது பிறகும் நடந்தது. இவ்வளவு ஏன், 1987இல் இதே ராஜஸ்தானில் தியோராலா என்ற ஊரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி எரிந்தாள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. செய்தித்தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, அவள் வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது நினைவிருக்கிறது. அதன் பிறகு வந்த மத்தியச் சட்டம், அந்தச் செயலை மட்டுமல்ல, அதைப் பெருமைப்படுத்துவதையும் குற்றம் என்றது.

நான் நின்றிருந்த பத்து நிமிஷத்தில் பலர் அந்தக் கைகள்மேல் தங்கள் கையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் வைத்தாள். அவள் உள்ளங்கைக்கு அந்தக் கல் கை கிட்டத்தட்டப் பொருந்தியது. "ஏம்ப்பா இவ்வளவு குட்டியா இருக்கு?" என்று அப்பாவிடம் இந்தியில் கேட்டாள். அவ்வளவு இந்தி எனக்குப் புரியும். அவர் அடுத்த படத்துக்கு அவளை நகர்த்தி நிறுத்தினார்.

அந்தச் சுவரைக் கிட்டே போய் எடுத்தால் சிவப்பும் வெள்ளியும் மட்டும்தான் இருக்கும். வாசல் வெட்டுப்பட்டுப் போகும், பாதை போகும், அந்தப் பெண்கள் எந்தத் திசையில் நடந்தார்கள் என்பது போகும். அதனால் பின்னால் வந்து, கனத்த கதவும் இறங்குகிற பாதையும் விழும்படி எடுத்தேன். கைகள் ஓர் ஓரத்தில்தான் இருக்கின்றன. நான் போட்டதில் நான்காவது படம் அது. அழகான படம் இல்லை. பரவாயில்லை.

ஜோத்பூரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் கேஜட்லி என்ற கிராமம். பாறையும் மணலும் முள்ளுமான ஊரில் கேஜ்ரி மரங்கள் நிறைய. நமக்கு அது புதிய மரம் இல்லை. நம் வன்னி மரம்தான் அது. விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கிறதே, அதே மரம். 1730இல் ஜோத்பூர் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்புச் சூளை எரிக்க விறகு வெட்ட ஆள் வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய்ப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரையும் அவர் மகள்களையும் தொடர்ந்து ஊர் ஊராக வந்து நின்றவர்களையும் சேர்த்து 363 பேர் வெட்டுப்பட்டார்கள் என்பது அந்தச் சமூகத்தின் வரலாறு. இன்று அங்கே நினைவிடம் இருக்கிறது. நான் அதை எடுக்கவில்லை. ஒரு வன்னி மரத்தின் பட்டையை எடுத்தேன். வெடித்து வெடித்து, வயதான விவசாயியின் குதிகால் மாதிரி இருந்தது. முதல் நாள் பார்த்த கல் கைகளுக்குப் பிறகு, மரத்தைக் கட்டிக்கொண்ட கைகளை நினைத்துக்கொண்டு அந்தப் பட்டையில் சற்று நேரம் என் கையை வைத்திருந்தேன். இரண்டும் பெண்கள் உயிர்விட்ட இடம்தான். இவர்களுக்காவது எதற்காக நிற்கிறோம் என்று சொல்ல வாய் இருந்தது.

ஜெய்சால்மர் போகும் வழியில் போக்ரானை ஒட்டி ராம்தேவ்ரா. பாபா ராம்தேவ் சமாதி இருக்கும் ஊர். தொலைக்காட்சியில் யோகா சொல்லித்தருகிறவர் இல்லை. இவர் பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நாட்டார் தெய்வம். இந்துக்கள் கிருஷ்ணனின் அவதாரம் என்று கும்பிடுகிறார்கள். முஸ்லிம்கள் ராம்சா பீர் என்கிறார்கள். அவருடைய சீடராக இருந்த தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் டாலிபாயின் சமாதியும் அருகிலேயே இருக்கிறது. இங்கே வேண்டுதலுக்குத் துணிக் குதிரை வைக்கிறார்கள். நம் ஐயனாருக்கு மண் குதிரை மாதிரி. கடைகளில் சின்னதிலிருந்து ஆள் உயரம் வரை விற்கிறார்கள். நான் எடுத்தது ஒரு குதிரையின் வயிற்றுத் தையலை மட்டும். கோணல்மாணலான தையல், வெள்ளைத் துணியில் சிவப்பு நூல். கடையில் வாங்கியது அவ்வளவு கோணலாக இருக்காது. யாரோ வீட்டில் உட்கார்ந்து, யாருக்காகவோ தைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ, மகளுக்கு வரன் அமையவில்லையோ.

ஜெய்சால்மருக்கு வருவோம். 1156இல் ராவல் ஜைசல் கட்டத் தொடங்கிய கோட்டை. முழுக்க மஞ்சள் மணற்கல். சாயங்கால வெயிலில் அது பொன்னாக மாறுவதைப் பார்த்தால், சத்யஜித் ராய் 1974இல் எடுத்த படத்துக்குத் தங்கக் கோட்டை என்று ஏன் பெயர் வைத்தார் என்று புரியும். கோட்டைக்குள் இன்னமும் மக்கள் குடியிருக்கிறார்கள். துணி காய்கிறது, குக்கர் விசில் கேட்கிறது, மாடு குறுக்கே நிற்கிறது. உள்ளே ஜைனக் கோயில்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. பெல்ட், பர்ஸ் உட்பட தோல் பொருள் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. என் கணவர் பெல்ட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பேண்ட்டையும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வசதியாகப் போயிற்று, யாரும் அவசரப்படுத்தவில்லை.

அங்கே தூண், விதானம், தோரணம் எல்லாம் கல்லில் பூத்தொடுத்த மாதிரி இருக்கின்றன. ஆனால் என்னை நிறுத்தியது ஒரு சின்ன மரப்பலகை. அதன்முன் உட்கார்ந்து ஒரு பாட்டி அரிசியால் கோலம் வைத்துக்கொண்டிருந்தார். கீழே ஸ்வஸ்திகம், அதற்குமேல் மூன்று சின்னக் குவியல், அதற்கும் மேல் பிறை, பிறைக்குள் ஒரு புள்ளி. ஸ்வஸ்திகத்தின் நான்கு கை, உயிர் பிறந்து பிறந்து அலையும் நான்கு கதி: தேவர், மனிதர், விலங்கும் தாவரமும், நரகர். மூன்று குவியல், நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். பிறை, விடுதலை பெற்ற உயிர்கள் சென்று சேரும் இடம். ஜைனத் தத்துவம் மொத்தமும் ஒரு கைப்பிடி அரிசியில் முடிந்துவிடுகிறது.

செல்போனைக் காட்டி, எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். அவர் தன் முகத்தைக் காட்டி வேண்டாம் என்றார். அரிசியைக் காட்டித் தலையசைத்தார். கடைசிப் புள்ளியை வைத்த விரல் படத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் கண்மூடி உட்கார்ந்திருந்துவிட்டு அவர் எழுந்து போனார். அந்த அரிசியும் கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து போய்விட்டது. பல நூற்றாண்டுகளாக நிற்கிற தூணுக்கு நடுவே அரை மணி நேரம்கூட இருக்காத ஒரு கோலம். நம் வீட்டு வாசலில் இதைத்தான் தினமும் செய்கிறோம் என்பதால் எனக்கு அவரோடு பேச மொழி தேவைப்படவில்லை.

வெளியே வந்து சந்தில் திரும்பினால் ஒரு சுவரில் ஈரம். இதையும் எடுத்தேன். பலர் என்னவென்று புரியாமல் கேட்ட பதினெட்டாவது படம் இதுதான். மஞ்சள் கல்லில் கருத்த திட்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் குழாய், மேலே ஒரு விரிசல். வருஷத்துக்கு 20 சென்டிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத ஊரில் சுவருக்கு ஏன் ஈரம்? அந்தக் காலத்தில் கோட்டைக்குக் கீழே கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் குடம் சுமந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். சுமந்து வந்த தண்ணீரை யாரும் கொட்டமாட்டார்கள். இப்போது குழாய் வந்துவிட்டது, தங்கும் விடுதிகள் வந்துவிட்டன, நம்மைப் போன்றவர்கள் வந்து குளிக்கிறோம். கழிவுநீர் கசிந்து கோட்டைக்கு அடியில் இருக்கும் மண்ணில் இறங்குகிறது. அடிமண் இளகி, கோட்டையின் கொத்தளங்கள் சில சரிந்திருக்கின்றன. 1996இலேயே உலக நினைவுச் சின்ன நிதியம் ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2013இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. எண்ணூறு வருஷம் படையையும் வெயிலையும் தாங்கிய கோட்டைக்கு இன்று தொல்லை கொடுப்பது தண்ணீர். நாங்கள் கோட்டைக்கு வெளியே, ஊருக்குள் அறை எடுத்தோம். போகிறவர்கள் நீங்களும் அப்படிச் செய்யலாம். கோட்டையை அண்ணாந்து பார்க்க அங்கிருந்துதான் நன்றாகவும் இருக்கிறது.

மறுநாள் இருட்டோடு கிளம்பி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி சாம் மணல்மேடுகளுக்குப் போனோம். சாயங்காலம் போனால் ஜீப் சத்தமும் பாட்டுச் சத்தமும்தான். விடியும்போது யாரும் இல்லை. டிசம்பர் குளிர், இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் கிடுகிடுத்தது. பாலைவனம் என்றால் சூடு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு வறண்ட காற்றும் மணலும் இரவில் எவ்வளவு வேகமாகக் குளிரும் என்று சொல்லிக்கொடுத்த ஆள் நான். உடம்பில் படும்போது பாடம் இன்னும் நன்றாகப் புரிகிறது.

மணலில் இருக்கும் வரிவரியான அலையைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் மென்மையான சரிவு, மறுபக்கம் சட்டென்று இறக்கம். காற்று சரிவான பக்கத்திலிருந்து வீசியிருக்கிறது என்று அர்த்தம். காற்றில் ஒரு மணல் துகள் எம்பிக் குதிக்கும், விழுந்த இடத்தில் இன்னும் சிலதைத் தள்ளிவிடும். இப்படிக் கோடிக்கணக்கான குதியல்கள் சேர்ந்துதான் இந்தக் கோடுகள். நேற்றிரவு காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதை மணல் எழுதி வைத்திருக்கிறது. சூரியன் தொடுவானத்தில் சாய்ந்திருக்கும் அரை மணி நேரத்தில்தான் அதைப் படிக்க முடியும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் விழும். வெயில் உச்சிக்கு ஏறினால் அதே மணல் விரித்துப் போட்ட மஞ்சள் துணி.

அந்தக் கோடுகளின் குறுக்கே ஒரு வண்டு நடந்துபோன தடம், தையல் மெஷின் ஓட்டிய மாதிரி. அதைத் தொடர்ந்து குனிந்தபடியே போனேன். ஓர் இடத்தில் தடம் ஜீப் சக்கரத் தடத்துக்குள் இறங்கி, அந்தப் பள்ளத்திலேயே கொஞ்ச தூரம் ஓடி, பிறகு ஏறி மறுபக்கம் போயிருந்தது. சக்கரத் தடம் இல்லாத பகுதியை மட்டும் எடுத்திருந்தால் மனிதன் கால்படாத பாலைவனம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். வண்டுக்குத் தெரியும் அப்படி இல்லை என்று. அதனால் இரண்டும் சேர்ந்த இடத்தை எடுத்தேன்.

இனி கடைசிப் படம். திரும்பும் வழியில் சாலையை ஒட்டி ஒரு சின்ன ஓரண். இந்தச் சொல்லை நான் அங்கேதான் சரியாகப் புரிந்துகொண்டேன். ஓரண் என்றால் தெய்வத்துக்கு விட்ட காடு. நம் கோயில்காடு மாதிரியே. ஆடு மாடு மேயலாம், தண்ணீர் குடிக்கலாம். கோடரி உள்ளே போகக் கூடாது. நமக்குக் காடு என்றால் கண்ணில் வருவது வேறு. அங்கே காடு என்பது தூரம் தூரமாக நிற்கும் வன்னியும் இலந்தைப் புதரும் புல்லும்தான். வெளியூர்க் கண்ணுக்கு அது பொட்டல். அரசாங்கப் பதிவேட்டிலும் பல ஓரண்கள் தரிசு என்றுதான் இருக்கின்றன. தரிசு என்றால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இப்போது அந்தப் பக்கம் முழுக்கச் சூரிய மின்நிலையங்களும் காற்றாலைகளும் உயர் அழுத்த மின்கம்பிகளும். ஜெய்சால்மரின் தேக்ராய் ஓரண் போன்ற பெரிய காடுகளைக் காக்க ஊர் மக்கள் நடைப்பயணமே போயிருக்கிறார்கள். கானமயில் என்ற பெரும் பறவை, உலகத்தில் மொத்தமே நூற்றைம்பதுக்கும் குறைவாக இருப்பதாக மதிப்பிடுகிறார்கள், அதில் பெரும்பகுதி இந்த நிலத்தில்தான். கனத்த உடம்பு, நேர் எதிரே இருப்பதைப் பார்ப்பதில் குறைவான பார்வை. பறக்கும்போது கம்பி தெரியாமல் மோதிச் சாகிறது.

சூரிய மின்சாரம் கெட்டது என்று சொல்லமாட்டேன். என் வீட்டு மாடியிலும் பலகை வைத்திருக்கிறேன். நிலக்கரியை விட முடியாமல் உலகம் தவிப்பதை வகுப்பில் நடத்தியவளும் நான்தான். ஆனால் நல்ல காரியத்துக்குக்கூட எந்த இடம் என்ற கேள்வி உண்டு அல்லவா? 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் இத்தகைய தெய்வக் காடுகளை அளந்து, வரைபடத்தில் குறித்து, காடாகவே பாதுகாக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அளக்கும் வேலை முடியும்வரை காடு காடாக இருக்க வேண்டுமே என்பதுதான் அங்கிருப்பவர்கள் கவலை.

அந்த ஓரணில் ஒரு வன்னி மரத்தடியில் மேடை. மேடையில் ஒரு கல், குதிரைமேல் ஒரு வீரன். நம் நடுகல்லைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். செந்தூரம், ஒரு சூலம், பறவைக்குத் தண்ணீர் வைத்த உடைந்த பானை. உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு அமைதி. செல்போனை எடுத்தேன். வீரனின் தலைக்குமேல், சரியாக நடுவில், நான்கு மின்கம்பிகள்.

"ரெண்டடி இந்தப் பக்கம் வா, கம்பி வராது" என்றார் என் கணவர். வந்து பார்த்தேன். உண்மைதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய படம் மாதிரி இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். நான் நகர்ந்து நகர்ந்து எடுப்பது எதற்கு என்று எங்கள் ஓட்டுநரிடம் கேட்டிருக்கிறார். ஓட்டுநர் சொன்னதும், "அந்தக் கம்பியும் வரட்டும். உங்க ஊர்ல பார்க்கிறவங்களுக்கு இங்க என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றாராம். பழைய இடத்துக்கே திரும்பி வந்து எடுத்தேன். கம்பியோடு இருப்பதுதான் நாற்பதாவது படம். இன்னொரு படம் என் போனில் இருக்கிறது. அழகுக்கு அதுதான். அதைப் போடவில்லை.

இப்படிப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்டதற்காகச் சில விஷயங்கள். கோயிலில் எடுக்கும்முன் கேளுங்கள். மூலவரை எடுக்காதீர்கள், கும்பிடுகிறவர் முகத்தை எடுக்காதீர்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். சாய்ந்த வெயிலில் எடுங்கள், காலை ஏழரைக்குள் அல்லது சாயங்காலம் ஐந்துக்குமேல். தேய்ந்த இடத்தைத் தேடுங்கள். படியின் நடுவில் பள்ளம் இருந்தால் எத்தனை கால் பட்டிருக்கும், தூணில் ஓர் இடம் மட்டும் வழவழப்பாக இருந்தால் எந்த உயரத்துப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று யோசியுங்கள். எடுத்தபின் ஒருமுறை திரும்பி, செல்போனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெட்டியது என்ன என்று உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

ராஜஸ்தான் வரை போக முடியாதவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊரில் ஐயனார் காடோ, அம்மன் தோப்போ, ஒரு கோயில்காடு மிச்சம் இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு படம் எடுங்கள். மரத்தின் பெயரும் சாமியின் பெயரும் தெரியாவிட்டால் அங்கே இருக்கும் வயதானவரிடம் கேட்டு எழுதுங்கள். காட்டின் ஓரத்தில் புதிதாக வேலி, மண் அள்ளிய குழி, குப்பைமேடு எது இருந்தாலும் அதையும் சேர்த்தே எடுங்கள். இந்தப் பதிவின் கீழே போடுங்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். மதிப்பெண் கிடையாது, பயப்படாதீர்கள்.